ஏசி அக்காவின் மூன்றாவது கேள்வி

எழுதத் தெரியாதவன் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்தது பத்தாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் டிரிப் ஷீட்தான்: ஏறிய இடம், இறங்கிய இடம், கிலோமீட்டர், கையெழுத்து. அப்படிப்பட்டவன் ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். அதிலும் அந்த மனிதரின் பெயரே எனக்குத் தெரியாது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் தெரியாததற்கு என் கூச்சம்தான் காரணம். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையில் அவர் கடை இருந்தது. போர்டில் ‘கார் ஏசி’ என்று மட்டும் எழுதியிருக்கும். வாடகைக் கார் ஓட்டும் நாங்கள் எல்லோரும் அவரை ஏசி அக்கா என்போம். என் போனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். அவர் எங்களை அண்ணா என்பார். நான் அக்கா என்றும் அவர் அண்ணா என்றும் ஆறு வருடம் கூப்பிட்டுக்கொண்டோம். யார் மூத்தவர் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

குள்ளமான உருவம். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை. கை மிகவும் சின்னது. எங்களுக்கெல்லாம் மணிக்கட்டிலேயே சிக்கிக்கொள்ளும் டேஷ்போர்டு சந்தில் அவர் கை முழங்கை வரை போய்வரும். மேசையில் எப்போதும் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில் இருக்கும். நகத்துக்கு அல்ல. ஒரு மூடியைக் கழற்றி மாட்டினால், திருகாணி தலையில் ஒரு சொட்டு வைப்பார். தனக்குப் பிறகு யாராவது அதைத் திறந்தால் அந்தச் சொட்டு உடைந்திருக்கும்.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் உடனே எதையும் கழற்றமாட்டார். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் போட்டு உட்காருவார். மூன்று கேள்வி கேட்பார்.

“எப்போ?”

“எவ்ளோ நேரம் கழிச்சி?”

“அப்போ நீ இன்னா பண்ணினு இருந்த?”

முதல் இரண்டுக்கும் எல்லோரும் பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதில்தான் தகராறு வரும். “நான் என்ன பண்ணேன்? நானா உடைச்சேன்?” என்று பாதிப் பேர் குரலை உயர்த்துவார்கள். அவர் உயர்த்தமாட்டார். சொல்லி முடிக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருப்பார்.

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரருக்கு இது தினமும் ஒரு வேடிக்கை. “இன்னா அக்கா, எஃப்ஐஆர் போட்டாச்சா? கைது எப்போ?” என்பார்.

“உன்னத்தான் மொதல்ல உள்ள வெக்கணும். உன் கடைக்கு முன்னாடி மட்டும் ஆணி எப்டி வந்து வுழுதுன்னு விசாரிச்சினு கீறேன்” என்பார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

ஒருமுறை சிட்லபாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “கேஸ் போயிடுச்சும்மா. ஃபில் பண்ணிக் குடுத்துடு. அவசரம்” என்றார். அக்கா டிஷ்யூ காகிதத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, காற்று வரும் ஏசி வாயில் பிடித்தார். அது தலையைத் தூக்கவே இல்லை.

“சார், கைய வெச்சிப் பாருங்க. ஜில்லுனு கீதா?”

“ஜில்லுன்னுதான் இருக்கு. வரவே மாட்டேங்குதே.”

“அப்போ கேஸ் கீது சார். குளிர் வேற, காத்து வேற. காத்து வர்ற வழி அடச்சினு கீது. எப்பலேர்ந்து இப்டி?”

“ஊருக்குப் போயிட்டு வந்ததிலிருந்து.”

“ஊருக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க இன்னா பண்ணீங்க?”

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் என்னம்மா பண்ணப்போறேன்? வெயில் படாம இருந்தா ஏசிக்கு நல்லதுன்னு மரத்தடியில நிறுத்திட்டுப் போனேன். அது தப்பா?”

“இன்னா மரம் சார்?”

“புங்க மரம்.”

அக்கா வேறு எதுவும் கேட்கவில்லை. முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டியை இறக்கி, உள்ளே இருந்த காற்று ஃபில்டரை உருவி, விரித்த நாளிதழ் மேல் தட்டினார். ஒரு முறம் புங்கம்பூ விழுந்தது. காய்ந்து, பொடிந்து, தவிடு மாதிரி.

“நீங்க ஏசிக்கு நல்லதுதான் பண்ணீங்க. மரமும் அது பங்குக்குப் பண்ணிச்சி” என்றார். பெரியவர் ஒரு பூவை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

கேம்ப் ரோட்டிலிருந்து ஒரு டீச்சரம்மா வருவார். தனியாகக் கார் ஓட்டுகிறவர். ஒரு ஏப்ரல் மாதம் அவர் காரில் காற்றெல்லாம் கண்ணாடிக்கே போயிற்று. எந்தப் பக்கம் திருப்பினாலும் முகத்துக்கு வரவில்லை. அக்காவின் மூன்றாவது கேள்விக்கு டீச்சர் ரொம்ப யோசித்து, “சர்ச்சிலிருந்து வந்துட்டிருந்தேன். வேற ஒண்ணும் பண்ணலையே” என்றார். “இன்னா நாள் டீச்சர்?” “குருத்து ஞாயிறு.” அக்கா முன்கண்ணாடியின் அடியில் இருக்கும் நீளமான சந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். டீச்சர் வருடா வருடம் குருத்தோலைச் சிலுவையை அங்கேதான் செருகி வைப்பாராம். இந்த வருடம் வைத்த இடத்தில் புதுச் சிலுவை இருந்தது. போன வருடத்துச் சிலுவை, புதியது தள்ளியதில் உள்ளே நழுவி, காற்றைத் திருப்பிவிடும் தகட்டுக்கு நடுவே மாட்டியிருந்தது.

பாதி நாள் ஆயிற்று அதை எடுக்க. இடுக்கியால் பிய்த்து எடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஓலை கிழியக்கூடாது என்று டேஷ்போர்டை அடியிலிருந்து கழற்றி, முழுசாக எடுத்து, துப்பட்டாவில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். டீச்சர் வாங்கிக்கொண்டு, “நான்தான் உன் வேலையைக் கூட்டிட்டேன்” என்றார். “அதுக்கா கேட்டேன்? எங்க தேடணும்னு தெரியத்தான் டீச்சர் கேட்டேன்” என்றார் அக்கா.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிய வந்ததும் என் முயற்சியால் அல்ல. ஒருநாள் டீ குடிக்கும்போது பஞ்சர் கடைக்காரர் கேட்டார், நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தவர். காருக்குள் காற்றைத் தள்ளும் ஃபேன் செய்யும் இடம். கடைசி மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபேனுக்கும் முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துப் பார்ப்பது அவர் வேலை.

“அங்க ஒரு தப்பு நடந்தா, யாரு பண்ணதுன்னு கேப்பாங்க. யாருன்னு கேட்டா எல்லாரும் வாய மூடிக்குவாங்க. மறுநாளும் அதே தப்பு நடக்கும். நா மட்டும் பக்கத்துல போயி, அப்போ இன்னா பண்ணினு இருந்தன்னு கேப்பேன். தலவலி, தூங்கினேன், புள்ளைக்கு ஜொரம், எல்லாத்தையும் சொல்லிடுவாங்க” என்றார்.

“சூபர்வைசர் சும்மா வுட்டானா?”

“அவனையும் ஒரு வாட்டி கேட்டேன். அதோட வேலைய வுட்டு நின்னேன்.”

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். அப்போது என் வண்டி, ஆபீஸ் போகிறவர்களுக்குக் கார் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தத்தில் ஓடியது. காலை ஏழு நாற்பதுக்கு சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஒரு மேடத்தை ஏற்றி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக நாவலூரில் அவர் ஆபீசில் இறக்க வேண்டும். மேடத்துக்கு வயது முப்பதுக்குள்தான். வண்டியில் ஏறும்போதே மீட்டிங் தொடங்கிவிடும். மடியில் கம்ப்யூட்டர், காதில் போன். நல்ல பெண். என்னை அண்ணா என்பார்.

மே மாதம் ஏசி அக்காவிடம் வண்டியைக் கொடுத்து, உள்ளே குளிர்விக்கும் காயிலைச் சுத்தம் செய்துகொண்டேன். ஜூனில்தான் மேடத்தின் ஓட்டம் எனக்குக் கிடைத்தது; தொந்தரவும் அப்போதே ஆரம்பித்தது. சோழிங்கநல்லூர் சிக்னல் வருவதற்குள் காற்று குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும், காற்று வராது. மேடத்தை இறக்கிவிட்டு ஓரமாக நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து போட்டால் புயல் மாதிரி அடிக்கும்.

நான் அக்காவிடம் போகவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன மாதம்தான் அவர் கை வைத்த வண்டி. அவரிடமே கொண்டுபோய் நிறுத்தினால், நீ செய்த வேலை சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி ஆகிவிடுமே என்று நினைத்தேன். வேறு ஒரு கடைக்குப் போனேன். கேஸ் போட்டார்கள். இன்னொரு கடையில் ஃபேன் மோட்டாரையே மாற்றினார்கள். இரண்டு கடையிலும் காற்று நன்றாகத்தான் வந்தது. சோழிங்கநல்லூரில் நின்றது.

மேடம் நிறுவனத்தின் ஆப்பில் இரண்டு முறை புகார் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வியர்வையில் நனைந்துபோய் யார் முன்னால் போய் நிற்பார்? மூன்றாவது புகார் வந்தால் வண்டியை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடுவோம் என்று நிறுவனத்திலிருந்து போன் வந்தது. அப்போது என் வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன். அன்று மதியம்தான் அக்கா கடை முன்னால் போய் நின்றேன்.

காகிதத் துண்டைப் பிடித்தார். அது படபடவென்று பறந்தது.

“நல்லாத்தான கீது. எப்போ நிக்குது?”

“காலையில.”

“எவ்ளோ நேரம் கழிச்சி?”

“முக்கால் மணி நேரம். சோழிங்கநல்லூர்ல.”

“அப்போ நீ இன்னா பண்ணினு இருந்த?”

“ஓட்டிட்டு இருந்தேன்.”

“அது எனக்கே தெரியும்ண்ணா. வேற?”

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

“ஏன் ஒரு மாசமா எங்கிட்ட வரல?” என்றார். வேறு இரண்டு கடையில் காட்டியதை மட்டும் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு, காகிதத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “நாளைக்குக் காலைல நானும் வண்டில வரேன்.”

பயணியைத் தவிர யாரையும் ஏற்றக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. மேடத்திடம் அனுமதி கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவர் வீட்டு கேட்டில் அக்காவே இறங்கிப் போய்க் கேட்டார். “நா ஏசி மெக்கானிக்மா. உங்களுக்குக் காத்து எங்க நிக்குதுன்னு பாக்கணும். ஒரு வார்த்த பேசமாட்டேன்.” மேடம் காக்கிச் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வாங்கக்கா, சரியானா எனக்கும் நல்லதுதானே” என்றார்.

அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து காகிதத் துண்டை ஏசி வாயில் பிடித்துக்கொண்டார். செம்பாக்கம் தாண்டும்போது மேடத்துக்கு போன் வந்தது. “அண்ணா, ஃபேன் சவுண்ட் மட்டும் கொஞ்சம்…” என்றார். நான் ஃபேனை ஒன்றுக்குக் குறைத்து, குளிர் திருகைக் கடைசி வரை திருப்பினேன். தினமும் செய்வதுதான். அக்காவின் கண் என் கைமேல் வந்து போனது. சொன்னபடி ஒரு வார்த்தை பேசவில்லை.

மேடவாக்கத்தில் காகிதம் ஆடிக்கொண்டிருந்தது. பெரும்பாக்கத்தில் வளைந்தது. சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு முன்னால் செத்த பல்லிவால் மாதிரி தொங்கிவிட்டது.

“பாத்தீங்களாக்கா? டெய்லி இதான்” என்றார் பின்னாலிருந்து மேடம்.

“பாத்தேம்மா. அஞ்சே நிமிஷம் குடு. அண்ணா, ஓரங்கட்டு.”

ஏசி பொத்தானை அணைத்து, ஃபேனை மட்டும் முழுவதும் திறந்தார். இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதம் தலை தூக்கியது. ஈரத்துணி வாசனையோடு காற்று வந்தது. வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டி ரோட்டில் ஓடியது.

“ஐஸு” என்றார் அக்கா. “உள்ள கீற காயில் மேல ஐஸ் கட்டிக்குது. சுவர் மாதிரி ஆயிடுது. காத்து எப்டி வரும்? நீங்க எறங்கினதும் கரஞ்சிடுது. அதான் எந்தக் கடையிலயும் மாட்டல.”

“எங்க ஹாஸ்டல் ஃப்ரிட்ஜ் மாதிரி” என்றார் மேடம்.

“அதேதாம்மா. அண்ணா, இப்போ சொல்லு. தெனமும் காத்து நிக்கறதுக்கு முன்னாடி நீ இன்னா பண்ற?”

“மேடம் போன் பேசறப்போ ஃபேனைக் குறைப்பேன். அப்புறம் புழுங்கும்னு குளிரைக் கூட்டுவேன்.” சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது.

மேடத்தின் முகம் மாறிவிட்டது. “அப்போ என்னாலதானா? நானே ஃபேனைக் குறைக்கச் சொல்லிட்டு, நானே புகார் பண்ணியிருக்கேனா?”

“இல்லம்மா. ஃபேன் ஒண்ணுல இருந்தாலும் ஐஸ் கட்டக்கூடாது. கட்டாம பாத்துக்க உள்ள ஒரு சின்ன சென்சர் கீது. அது இன்னாச்சின்னு பாக்கணும்.”

மேடம் அதற்குமேல் போன் பேசவில்லை. நாவலூரில் இறங்கும்போது, “நாளைக்கு முக்கியமான கிளையன்ட் கால்ண்ணா. நாளைக்கும் நின்னா நான் வேற வண்டிதான் கேக்கணும். சாரி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்குத் திரும்பி முன்சீட்டுப் பெட்டியை இறக்கினோம். காயில் மூடியின் நான்கு திருகாணிகளிலும் சிவப்புச் சொட்டு அப்படியே இருந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கழற்றிக் கையை விட்டார். கை உள்ளே இருக்கும்போதே ஏதோ தப்பு என்று அவர் முகத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சென்சர் காயிலின் இடுக்கில் செருகியிருக்க வேண்டும். அது வெளியே ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. காயில் பனிக்கட்டியாகப் போனாலும் அதற்குத் தெரியாது.

அவர் ஒன்றும் சொல்லாமல் செருகியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. இரண்டு கடைக்காரர்கள் கை வைத்த வண்டி. அவர்கள் மேல் போட்டிருந்தாலும் நம்பியிருப்பேன். அக்கா கையை வெளியே எடுத்து, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். வழக்கமாக உட்காரும் அதே இடம். எதிரில் டிரைவர் சீட்டில் மட்டும் யாரும் இல்லை.

“சொட்டு ஒடையல. எனக்கப்புறம் யாரும் இதத் தொறக்கல” என்றார். “அப்போ நா இன்னா பண்ணினு இருந்தேன்?”

பஞ்சர் கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். அன்றைக்கு அவர் எஃப்ஐஆர் பற்றிப் பேசவில்லை.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் அந்த நாள் அங்கேதான் இருந்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பிறகு சொன்னேன்.

“அன்னைக்கு உங்க பொண்ணு பிளஸ் டூ ரிசல்ட் வந்துச்சுக்கா. போன் அடிச்சுது. கையை வெளிய எடுத்தீங்க.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்புறம் ஜாங்கிரி வாங்கிட்டு வந்தீங்க. நானும் ரெண்டு சாப்பிட்டேன்.”

“ஆமா” என்றார். “மார்க்கக் கேட்டு அழுதுட்டேன். கண்ணத் தொடச்சினு வந்து மூடியப் போட்டேன். கை மறுபடி உள்ள போவல.” ஸ்டூலிலிருந்து எழுந்துகொண்டே, “இது மாதிரி பேசுண்ணா. ஆறு வருஷத்துல இன்னிக்கித்தான் நீளமா ஒண்ணு பேசிகீற” என்றார்.

சென்சரைச் செருகினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். என்னையும் கையை விடச் சொன்னார், என் கை போகவில்லை. ஃபேனை ஒன்றில், குளிரைக் கடைசியில் வைத்து, இரண்டு பேரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். காகிதம் ஒரே மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது அதை ஏசி வாயிலேயே செலோடேப் போட்டு ஒட்டினார்.

“நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்ட, தப்பு மெக்கானிக் அக்காவோடதுன்னு சொல்லிடு.”

“எதுக்குக்கா? அதான் சரியாயிடுச்சே.”

“அது தன்னாலன்னு நெனச்சினு கீது. இனிமே ஃபேனக் கம்மி பண்ணச் சொல்லக் கூச்சப்படும். கூச்சப்பட்டா இன்னா ஆவும்னு உனுக்குத் தெரியாதா?”

“நீங்களே வந்து சொல்லிடுங்களேன்.”

“நா எதுக்கு? வண்டி உன்னுது, வாயும் உன்னுது.”

ஏசி அக்கா இப்போது முடிச்சூர் சாலையில் இல்லை. மகளுக்கு வேலை கிடைத்த ஊருக்குப் போய்விட்டதாகப் பஞ்சர் கடைக்காரர் சொன்னார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது அந்த மறுநாளோடு முடிகிறது. ஏழு நாற்பதுக்கு மேடத்தை ஏற்றினேன். அவர் போனை எடுத்ததும் சொல்லாமலே ஃபேனை ஒன்றில் வைத்தேன். சோழிங்கநல்லூர் சிக்னலில் காகிதம் ஆடிக்கொண்டிருந்தது. அவர் பேசி முடித்ததும், “மேடம், உங்க தப்பு இல்ல. சென்சரை மாட்ட அக்கா மறந்துட்டாங்க. அன்னைக்கு அவங்க பொண்ணு ரிசல்ட்” என்றேன். “எவ்வளவு மார்க்காம்?” என்று கேட்டார். தெரியாது என்றேன். நாவலூரில் இறங்கிக்கொண்டார். டிரிப் ஷீட்டில் கையெழுத்து வாங்கினேன்.